குரத்தியர் எங்கே போயினர்?

சென்னைக்குத் தெற்கே, பல்லாவரத்துக் குன்றில் ஒரு குகை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகை அது. குடைவித்ததோடு அவன் நிற்கவில்லை. தன் விருதுப் பெயர்களையெல்லாம் வரிசை வரிசையாக அங்கே கல்லில் வெட்டுவித்தான். நூற்றாண்டுகள் பதினான்கு உருண்டோடிவிட்டன. பல்லவன் இல்லை, பல்லவனின் படை இல்லை, பட்டப் பெயர்கள் மட்டும் நிற்கின்றன. தாம்பரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் நாள்தோறும் மின்வண்டியில் நகருக்குச் செல்லும் இளைஞர்கள் அந்தப் பல்லாவரத்தைக் கடந்துதான் போகிறார்கள்.

மன்னன் பெயர் கல்லில் இருப்பதில் வியப்பு என்ன? மலையும் அவனுடையது, உளி பிடித்தவனுக்குக் கூலி தந்த கருவூலமும் அவனுடையது. அரசியர் பெயர்களும் கல்லில் உண்டு. அவர்கள் மன்னனின் தேவியர், மன்னனின் மகளிர், மன்னனின் தமக்கையர். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்ற ஒட்டுச் சொல் இல்லாமல், 'இவர் ஆசிரியர்' என்ற ஒரே தகுதியால் ஒரு பெண் தமிழ்நாட்டுக் கல்லில் இடம் பெற்றாரா?

பெற்றார். ஒருவர் அல்லர், பலர். அவர்களைத் தேடிப் புறப்படுவோர் தாம்பரத்தைவிட்டு மேலும் தெற்கே போகவேண்டும். செங்கற்பட்டைக் கடந்து, மதுராந்தகத்தைக் கடந்து, மேற்கே திரும்பி வந்தவாசி வட்டாரத்தை அடையவேண்டும். அங்கே வேடல் என்றொரு சிற்றூர். கல்வெட்டு அவ்வூரை 'விடால்' என்று குறிக்கிறது. குன்றும் குகைகளும் உள்ள இடம். சமணப் பள்ளி ஒன்று அங்கே இருந்தது. அந்தப் பள்ளியில் வாழ்ந்தவர் கனகவீரக் குரத்தியார்.

குரத்தி! இந்தச் சொல் இன்று நம் வாயில் இல்லை. குரவர் என்ற சொல் மட்டும் எஞ்சியிருக்கிறது. சமயக் குரவர் என்கிறோம், இருமுது குரவர் என்கிறோம். குரவர் என்றால் ஆசான், வழிகாட்டி, பெரியோர். அந்தச் சொல்லின் பெண்பால்தான் குரத்தி. ஒரு மொழியில் ஆசிரியருக்குப் பெண்பாற் சொல் வழங்குகிறது என்றால், அந்நாட்டில் பெண் ஆசிரியர் இருந்தார் என்பதே பொருள். இல்லாத ஒன்றுக்கு எவரும் பெயர் சூட்டிக் கல்லில் வெட்டுவதில்லை.

வேடல் கல்வெட்டு முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கி.பி. 885 அளவு என்று கொள்ளலாம். குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியார் கனகவீரக் குரத்தியார் என்று அது அறிமுகம் செய்கிறது. அந்தப் பள்ளியில் ஒரு பூசல் எழுந்தது. 500 மாணவியர் ஒருபுறம்; தவம் பூண்ட மகளிர் 400 பேர் மறுபுறம். இந்நிலையில் சிங்கபுர நாட்டார் கூடினர். குரத்தியாரையும் அவருடைய மாணவியரையும் காத்து, உணவளிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டனர். இதுவே கல் சொல்லும் செய்தி.

ஐந்நூறும் நானூறும் தலை எண்ணிய கணக்காகவும் இருக்கலாம். பெருங்கூட்டம் என்பதைக் காட்டும் வழக்காகவும் இருக்கலாம். எப்படியாயினும், ஓர் ஊரில் கற்கவும் துறவு வாழ்வு வாழவும் திரண்ட பெண்களின் தொகை, நாட்டார் அவை கூடிப் பேசும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்னே, இரயில் இல்லாத காலத்தில், தமிழ்நாட்டின் ஒரு மூலையில்!

வேடல் தனித்து நிற்கவில்லை. ஆர்க்காட்டுக்கு அருகில் விளாப்பாக்கம் என்ற ஊர். முதலாம் பராந்தக சோழனின் 38-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 945 அளவில், அங்கே ஒரு கிணறு வெட்டப்பட்டது. வெட்டுவித்தவர் பட்டினிக் குரத்தியடிகள். திருப்பான்மலை அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியார் அவர். கிணறும் ஒரு வீடும் சேர்ந்து பெண்பள்ளி ஆயின. அவ்வூர் இருபத்துநால்வர் குழு அதனைக் கண்காணிக்கும் என்று ஏற்பாடாயிற்று. பெண்பள்ளி என்ற சொல்லைப் பாருங்கள். தங்கும் இடமும் குடிநீரும் மேற்பார்வைக் குழுவும் கொண்ட மகளிர் உறைவிடம் அது.

தென்கோடிக்குப் போனாலும் குரத்தியர் இருக்கிறார்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் சிதறால் மலை, அந்நாளில் திருச்சாரணத்து மலை எனப்பட்டது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆண்டில், குணந்தாங்கிக் குரத்தியார் அம்மலைப் படாரியார்க்குப் பொன் அணிகலன் கொடுத்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. சிலைக்குப் பொன் எதற்கு என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது, பொன்னைத் தன் விருப்பப்படி கொடுக்கும் உரிமை அந்தப் பெண்ணிடம் இருந்தது என்பதை. கழுகுமலைப் பாறையிலோ, வரிசையாகச் செதுக்கப்பட்ட சமண உருவங்களின் கீழே வட்டெழுத்தில் கொடையாளர் பெயர்கள் காணப்படுகின்றன. திருச்சாரணத்துக் குரத்தியார், மிழலூர்க் குரத்தியார், பேரூர்க் குரத்தியார் என்று ஊர்ப்பெயர் தாங்கிய பெண் ஆசிரியர்கள் ஆடவர்க்கு நிகராக அங்கே இடம் பெற்றிருக்கின்றனர்.

இந்தக் கல்வெட்டுகளைச் சேர்த்து வைத்துப் படிக்கும்போது ஓர் உண்மை பளிச்சிடுகிறது. கனகவீரர் யார்? குணகீர்த்தியின் மாணாக்கியார். பட்டினிக் குரத்தி யார்? அரிட்டநேமியின் மாணாக்கியார். குணந்தாங்கி யார்? அவரும் ஓர் ஆசிரியரின் மாணாக்கியாராகவே குறிக்கப்படுகிறார். இம்மூவரையும் அறிமுகம் செய்யும் இடத்தில் குலம் முன்னே வரவில்லை. கணவன் பெயர் முன்னே வரவில்லை. யாரிடம் கற்றார் என்பதே பெண்ணின் முகவரி ஆயிற்று. பிறப்பால் வந்த பெருமையை ஒதுக்கி, கல்வியால் வந்த உறவைச் சொல்லும் முகவரி அது.

இதன் அருமை விளங்க, மேலைநாட்டுக் கன்னிமடத் தலைவி ஒருவரின் வாழ்வை இதனருகே வைத்துப் பார்ப்போம். கனகவீரருக்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டு பிந்தியவர் அவர். பெயர் எலிசபெத். 1618-இல் செருமனியின் ஹைடல்பெர்க் நகரில் பிறந்தார். தந்தை பாலட்டினேட் நாட்டின் ஆட்சியாளர் ஐந்தாம் பிரடெரிக். தாய் இங்கிலாந்து மன்னன் முதலாம் ஜேம்சின் மகள். பிறப்பில் இதைவிட உயரம் ஏது?

உயரத்திலிருந்து விழ அதிக நாள் ஆகவில்லை. பொகீமிய நாட்டு முடியை 1619-இல் ஏற்ற தந்தை, 1620-இல் பிராகு நகருக்கு அருகே நடந்த போரில் தோற்று, முடியையும் நாட்டையும் இழந்தார். குடும்பம் ஆலந்து நாட்டின் ஹேக் நகரில் அடைக்கலம் புகுந்தது. அங்கே எலிசபெத் கற்றார். இலத்தீனும் கிரேக்கமும் கணிதமும் கற்றார். உடன்பிறந்தார் அவரைக் 'கிரேக்கக்காரி' என்று கேலி பேசும் அளவுக்குக் கற்றார். போலந்து மன்னனுக்கு அவரை மணம் பேசினர். மதம் மாறினால்தான் மணிமுடி என்றனர். மாட்டேன் என்றார். மணிமுடி போயிற்று, மனம் தளரவில்லை.

1643-இல், இருபத்துநான்காம் வயதில், அன்றைய ஐரோப்பாவின் பெருஞ்சிந்தனையாளர் டெக்கார்ட்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். உள்ளம் வேறு, உடல் வேறு; உடலுக்கு நீள அகலம் உண்டு, உள்ளத்துக்கு இல்லை என்பது டெக்கார்ட்டின் கொள்கை. இளவரசி கேட்டார்: நீள அகலமற்ற ஒன்று உடலை அசைப்பது எங்ஙனம்? எளிய கேள்விதான். ஆனால் கொள்கையின் அடித்தளத்தையே தொட்ட கேள்வி. டெக்கார்ட் விளக்கம் எழுதினார். அது போதாது என்று எலிசபெத் மீண்டும் எழுதினார். 1650-இல் டெக்கார்ட் மறையும் வரை இக்கடிதங்கள் தொடர்ந்தன. 1644-இல் வெளிவந்த தம் தத்துவ நூலை அவர் இந்தப் பெண்ணுக்கே உரிமையாக்கினார்.

இத்தகைய அறிவாளிக்கும் பல்கலைக்கழகத்தில் இருக்கை இல்லை. அந்நாளில் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் விரிவுரை கேட்க இசைவு பெற்ற அன்னா மரியா வான் சூர்மன் என்ற பேரறிஞர், ஆண்களின் கண்ணில் படாதபடி மறைப்புக்குப் பின்னே அமர்ந்துதான் கேட்க நேர்ந்தது. அறிவுக்கு அங்கே வேலி கட்டியிருந்தார்கள். பின் எலிசபெத்துக்கு வழி எது? கன்னிமடம்தான். 1667-இல் அவர் ஹெர்போர்டு மடத்தின் தலைவி ஆனார். அது புராட்டசுடன்டு மடம். பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சிற்றாட்சி. மடத்தின் தலைவி ஆட்சித் தலைவியும் ஆவார். பேரரசின் மன்றத்திலும் மடத்துக்கு இடம் உண்டு. அந்த அதிகாரத்தை எலிசபெத் நன்றே பயன்படுத்தினார். சமயக் கருத்து வேறுபாட்டால் துரத்தப்பட்ட குழுவினருக்கு 1670-இல் ஊராரின் எதிர்ப்பையும் மீறி அடைக்கலம் தந்தார். மறைப்புக்குப் பின்னே பாடம் கேட்ட அந்த அன்னா மரியாவும் அக்குழுவில் ஒருவர். பின்னாளில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் 1677-இல் அவரைக் கண்டு உரையாடினார். 1680-இல் எலிசபெத் மறைந்தார்.

பாராட்ட வேண்டிய வாழ்வுதான். ஆனால் அந்த மடத்தின் வாயிலில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கவேண்டாமா? உயர்குடியிற் பிறந்தோர்க்கு மட்டும் என்பதே அதன் விதி. தலைமைப் பதவி கிடைக்க, உறவினரான பிராண்டன்பர்க் ஆட்சியாளரின் ஆதரவும் துணை நின்றது. எலிசபெத் உள்ளே நுழைந்தது அறிவால் அன்று, பிறப்பால். அதே கண்டத்தில், 15 முதல் 18 வரையிலான நூற்றாண்டுகளில், சூனியக்காரர் என்று குற்றம் சாட்டப்பட்டு 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டனர் என்பது வரலாற்றறிஞர் மதிப்பீடு. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், பலர் ஏழைகள். பிரபுவின் மகளுக்கு மடத்தின் திறவுகோல். உழவன் மகளுக்கு எரியும் கட்டை. பெண்ணுக்குப் பெண் பிறப்பு வேற்றுமை காட்டிய சமுதாயம் அது.

அந்த வகையில் வேடல் உயர்ந்து நிற்கிறது என்று நாம் மார்தட்டலாமா? தட்டலாம், ஆனால் ஒரு கணம் நின்று சிந்தித்த பிறகு. சமணமும் பெண்ணுக்கு முழு உரிமை தந்துவிடவில்லை. தமிழ்ச் சமணர் சார்ந்த திகம்பர நெறி, பெண் பெண்ணுடலோடு வீடுபேறு அடைய முடியாது என்றே கூறிற்று. அடுத்த பிறவியில் ஆணாகப் பிறந்து வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றது. பள்ளிக் கதவைத் திறந்துவிட்டு வீட்டுக் கதவை அடைத்த கொள்கை! வீடுபேற்றில் நமக்கு நம்பிக்கை இல்லை என்பது வேறு. ஆனால் அந்நெறி உயர்ந்த குறிக்கோள் என்று எதைக் கருதியதோ, அதைப் பெண்ணுக்கு மறுத்தது. மேலும், கற்கவும் கற்பிக்கவும் பெண் கொடுத்த விலை என்ன? இல்லறத்தைத் துறக்கவேண்டும், உடலை வாட்டவேண்டும். பட்டினிக் குரத்தி என்ற பெயரே நோன்பை நினைவூட்டுகிறது அன்றோ? ஆணுக்கு மனையறமும் கல்வியும் சேர்ந்து கிடைத்தன. பெண்ணுக்கோ ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கும் வாணிபம்.

இனி நம் தலைப்புக்கு வருவோம். அந்தக் குரத்தியர் எங்கே போயினர்?

வேடல் கல்வெட்டை மீண்டும் படியுங்கள். காத்து உணவளிப்போம் என்று நாட்டார் ஏற்றுக்கொண்டனர். நல்லவர்கள். ஆனால் பள்ளியின் உயிர் அந்த நாட்டாரின் சொல்லில் தொங்கிற்று. சோறு கொடுப்பவன் மனம் மாறினால், அவன் செல்வம் வேறு திசை திரும்பினால், பள்ளி என்ன ஆகும்? அடுத்து வந்த நூற்றாண்டுகளில் செல்வம் திரும்பத்தான் செய்தது. மன்னர் கொடையும் ஊரார் கொடையும் பெருங்கோயில்களை நோக்கி ஓடின. சமணப் பள்ளிகள் பல வற்றின.

கோயிலைச் சார்ந்து எழுந்த கல்விக்கூடங்களில் பெண்ணின் இடம் யாது? செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் வழிக்கு அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், அங்குள்ள பெருமாள் கோயிலைச் சார்ந்து கல்விச்சாலையும் மாணவர் விடுதியும் 15 படுக்கை கொண்ட மருத்துவமனையும் இருந்தன. நீண்ட கல்வெட்டு ஒன்று எல்லாவற்றையும் கணக்கிட்டுச் சொல்கிறது. போற்றத்தக்க அமைப்பு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஓதப்பட்டவை இருக்கும் யசுரும் இலக்கணமும் ஆகமமும். வேதம் ஓதும் உரிமை மறுக்கப்பட்ட பெண்ணுக்கும் உழைப்பாளிக்கும் அந்த வகுப்பில் இடம் ஏது? அந்தக் கல்வெட்டிலும் பெண்கள் வருகிறார்கள். எங்கே? மருத்துவமனையில் மருந்துப் பணி பார்க்கும் பணிப்பெண்களாக! அவர்கள் உழைப்பு உயர்ந்ததுதான். எனினும், வேடலில் ஆசிரியையாகக் கல்லேறிய பெண், இருநூறு ஆண்டுக்குள் திருமுக்கூடலில் ஊழியராக மட்டுமே கல்லேறினாள் என்பதை எப்படி மறப்பது? குரத்தி என்ற சொல்லே மெல்ல மெல்ல வழக்கிழந்தது.

ஹெர்போர்டு மடமும் நிலைக்கவில்லை. 1802-இல் அதன் தன்னாட்சி முடிந்தது. அரசியல் புயல் ஒன்று வீசியதும், மகளிர் ஆண்ட அந்தச் சிற்றாட்சி கலைந்தது. ஆயிரம் ஆண்டுப் பழமை அதைக் காப்பாற்றவில்லை. வேடலானாலும் ஹெர்போர்டானாலும் முடிவு ஒன்றே. பிறர் அருளால் வந்தது, பிறர் நினைத்தபோது போயிற்று.

பின்னர் எத்தனை நூற்றாண்டு இருள்! குரத்தியர் வாழ்ந்த அதே நாட்டில், பெண் எழுத்தறிந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பேசும் காலம் வந்தது. விளக்கை மீண்டும் ஏற்றுவதற்கு அடிமுதல் தொடங்க நேர்ந்தது. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி சார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி அவர்களுள் ஒருவர். எலிசபெத் பிறந்த செருமனியிலோ, பிரசியா தன் பல்கலைக்கழகங்களைப் பெண்களுக்கு முறைப்படி திறந்தது 1908-இல்தான். இதில் சென்னை முந்திற்று என்று மகிழலாம். ஆனால் தமிழ்ப்பெண் அந்த வாயிலை அடையப் பட்ட பாடு சிறிதன்று. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலெட்சுமி, ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் சேர முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. தொண்டைமான் மன்னரின் ஆணை வந்த பிறகே கதவு திறந்தது. 1912-இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்று வெளிவந்தார். பின்னர் சட்டமன்றத்தில் தேவதாசி முறையை எதிர்த்து முழங்கினார்.

இங்கேயும் ஓர் ஆணை, ஓர் அருள்! அந்த மன்னர் முடியாது என்று சொல்லியிருந்தால்? வேடலுக்கு நாட்டார், ஹெர்போர்டுக்குப் பிரபுக்கள், புதுக்கோட்டைக்கு மன்னர். ஆயிரம் ஆண்டு கடந்தும், பெண்ணின் கல்வி யாரோ ஒருவரின் தலையசைப்புக்குக் காத்திருந்தது.

இந்தக் காத்திருப்பை முடிக்கவேண்டும் என்ற குரல் தாம்பரத்துக்குத் தெற்கேதான் ஓங்கி ஒலித்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு ஆணோடு ஒத்த சொத்துரிமை வேண்டும் என்றும், ஆசிரியப் பணியில் பெண்களைப் பெருமளவில் அமர்த்த வேண்டும் என்றும் தீர்மானித்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்டதில் பொருள் இருக்கிறது. சொத்து இல்லாதவர் கல்விக்குக் கையேந்த வேண்டும். ஏந்திய கையில் விழுவது பிச்சை. சொந்தக் காலில் நிற்பவரே உரிமை பேசமுடியும். சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி என்பது சட்டப்படி உரிமை ஆயிற்று.

பதினான்குக்குப் பிறகு? அங்கேதான் பழைய நாட்டார் அவை மீண்டும் கூடுகிறது, இம்முறை நம் வீட்டுக்குள்ளே! தந்தை, தாய், பெரியப்பா, மாமன், சில வேளை அண்ணன். "படித்தவரை போதும்", "கல்லூரி தொலைவில் இருக்கிறது", "நல்ல இடம் வந்திருக்கிறது" என்ற பேச்சுகள் எழுகின்றன. படிக்க விடுகிறோம் என்று பெருமை பேசும் வீடுகளும் உண்டு. விடுகிறோம்! அந்தச் சொல்லிலேயே அருள் மணக்கிறது. ஆண்பிள்ளையை எவரும் படிக்க 'விடுவதில்லை', அவன் படிக்கிறான்.

இளைஞர்களே! வாய்ப்புக் கிடைக்கும்போது வேடலுக்குப் போய்வாருங்கள். அரசன் விருதுப் பெயரை வியந்த கண்களால் குரத்தியின் பெயரையும் பாருங்கள். பழம்பெருமை பேசுவதற்காகப் போகவேண்டாம். நம் நாட்டிலேயே பெண் ஆசானாக வீற்றிருந்தாள் என்பதைத் தெரிந்துகொள்ளவும், அந்த இருக்கை ஏன் பறிபோயிற்று என்பதைப் புரிந்துகொள்ளவும் போங்கள். பெண்கல்வி மேலைநாட்டு இறக்குமதி, நம் மரபுக்கு ஒவ்வாதது என்று எவரேனும் சொன்னால், கனகவீரரின் பெயரைச் சொல்லுங்கள். மரபே காப்பாற்றிவிடும் என்று எவரேனும் சொன்னால், அவருடைய மாணவியர் ஐந்நூறு பேருக்குப் பின் வந்த வெறுமையைச் சொல்லுங்கள்.

பிறகு உங்கள் வீட்டில் ஒரு கேள்வியைக் கேளுங்கள். தங்கையின் படிப்பு நாம் இரங்கிக் கொடுப்பதா, அவள் தனக்கென்று உடையதா? முதல் விடையை ஏற்கும் வீட்டில் வேடல் இன்னொரு முறை அழியும். இரண்டாம் விடையை ஏற்கும் வீட்டில், குரத்தி என்ற பழஞ்சொல்லுக்கு மீண்டும் பொருள் பிறக்கும்.